கத்தி பட்டால் பரவுமா?

‘புற்றுநோய்க் கட்டியில் கத்தி வைத்தால் பரவிவிடும்’ என்ற பேச்சு நம் ஊர்களில் இன்னும் ஓயவில்லை. பெரும்பாலும் அது வீண் பயம். ஆனால் சிறுநீர்ப்பைக் கட்டியை அகற்றும் ஆபரேஷனில், மிக அரிதாக, அந்தப் பயத்துக்குக் கொஞ்சம் ஆதாரம் கிடைத்துவிடுகிறது.

இந்த ஆபரேஷனுக்கு வயிற்றைக் கிழிப்பதில்லை. சிறுநீர் வரும் வழியாகவே ரெசெக்டோஸ்கோப் என்ற குழல் உள்ளே போகும். பைக்குள் திரவத்தை நிரப்பி விரித்து, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் கட்டியைச் சீவல் சீவலாகச் செதுக்கி எடுப்பார்கள். 1910இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் பீர், பைக்குள் பார்க்கும் குழலான சிஸ்டோஸ்கோப் வழியாக மின்சாரம் செலுத்திக் கட்டிகளைப் பொசுக்கியதில் தொடங்கிய கதை இது.

நிரம்பி விரிந்த பையின் சுவர் சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதன் பக்கச் சுவரை ஒட்டினாற்போல ஆப்ட்யூரேட்டர் நரம்பு ஓடுகிறது. தொடையை உள்பக்கம் இழுக்கும் தசைகள் அதன் பிடியில் இருக்கின்றன. அங்குள்ள கட்டியைச் செதுக்கும்போது மின்சாரம் நரம்பைச் சீண்டிவிட்டால், மேஜையில் படுத்திருப்பவரின் கால் விசுக்கென்று உதறும். முதுகில் போட்ட ஊசி இதைத் தடுக்காது. அது மரத்துப்போக வைப்பது தண்டுவடத்தருகே. மின்சாரம் தூண்டுவதோ அதற்கு வெகு கீழே. கால் உதறும் அந்த நொடியில் கம்பி சுவரைத் துளைத்துவிடலாம்.

துளை சிறியதாக, வயிற்றறைக்கு வெளியே இருந்தால் பயமில்லை. சில நாள் கதீட்டர் வைத்தால் தானே ஆறிவிடும். துளை வயிற்றறைக்குள் திறந்தால்தான் தொல்லை: பையில் நிரப்பிய திரவத்தோடு கட்டியின் செல்களும் உள்ளே கொட்டுகின்றன. அவற்றுள் சில எங்காவது ஒட்டி வளர்ந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. வயிற்றைத் திறந்து தைக்க வேண்டிய அளவு பெரிய துளைகளில்தான் இந்த அபாயம் கூடுதலாகப் பேசப்படுகிறது.

இன்னொரு விபரீதமும் உண்டு. மிதக்கும் செல்கள் பைக்குள்ளேயே மறுபடி ஒட்டாமலிருக்க, ஆபரேஷன் முடிந்த 24 மணி நேரத்துக்குள் மைட்டோமைசின் போன்ற மருந்தைப் பைக்குள் செலுத்துவது வழக்கம். துளை விழுந்தவருக்கு அதைக் கொடுக்க முடியாது. கசிந்தால் சுற்றியுள்ள திசுக்களைப் புண்ணாக்கிவிடும்.

இதைத் தவிர்க்க மருத்துவர்களிடம் வழிகள் இருக்கின்றன. அந்த நரம்பைத் தனியே மரக்க வைக்கலாம். முழு மயக்கம் கொடுத்துத் தசைகளைத் தளர்த்தலாம். பையை அளவுக்கு மீறி நிரப்பாமல் பார்த்துக்கொள்ளலாம். சில இடங்களில் கட்டியைச் சீவாமல், வேரோடு ஒரே துண்டாக எடுக்கிறார்கள்.

இத்தனைக்கும் பயந்து ஆபரேஷனையே தள்ளிப்போடுவது தவறான கணக்கு. கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது செதுக்கிய சதையைப் பரிசோதித்தால்தான் உறுதியாகும். முதலில் கண்டறியும்போது நான்கில் மூவருக்கு அது தசையைத் தொட்டிருப்பதில்லை. அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் பையையே எடுக்காமல் சமாளிக்க முடிகிறது.

ஆபரேஷன் முடிந்தவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை ஒருமுறை நிதானமாகப் படிக்கலாம். துளை விழுந்ததாகக் குறிப்பு இருந்தால், வழக்கமான சிஸ்டோஸ்கோப் பரிசோதனையோடு வயிற்றுக்கு சி.டி. ஸ்கேனும் தேவையா, எப்போது என்று மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.