கண்ணில் படாத மேடை

நாடகம் பார்க்கப் போகிறவர்கள் மேடை என்று நினைப்பது அதன் ஒரு பகுதியைத்தான். திரை விலகியதும் நமக்குத் தெரியும் செவ்வகத்தின் இரு பக்கங்களிலும், தலைக்கு மேலேயும், சில அரங்குகளில் பலகைக்குக் கீழேயும் வேலை நடக்கும் இடங்கள் இருக்கின்றன. முறையாகக் கட்டிய அரங்கில் இவற்றின் பரப்பு, நாம் பார்க்கும் இடத்தைவிடப் பெரியது. அரண்மனை எப்படி அரை நிமிடத்தில் காடாகிறது, வானத்திலிருந்து தேவர்கள் எப்படி இறங்குகிறார்கள் என்பதற்கெல்லாம் அங்கேதான் விடை இருக்கிறது.

மேடைக்கு அளவும் உறுப்பும் உண்டு என்பதைத் தமிழர்களுக்கு முதலில் விரித்துச் சொல்வது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. மாதவி ஆடப்போகும் அரங்கை அளக்க மலை மூங்கிலை வெட்டி வருகிறார்கள். 24 விரல் நீளத்துக்கு ஒரு கோல் நறுக்கிக்கொள்கிறார்கள். மேடையின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். மேடைப் பலகைக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் நடுவே 4 கோல் இடைவெளி. விரல் என்பதைப் பெருவிரல் அகலமாகக் கொண்டு, அதை ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கோல் 2 அடி. அப்படியானால் 14 அடிக்கு 16 அடி மேடை. ஒருத்தி ஆடவும் குழலும் யாழும் முழவும் உடன் அமரவும் போதுமான இடம். வாயில்கள் இரண்டு.

இந்த வருணனையில் எனக்கு மிகவும் பிடித்தது விளக்கைப் பற்றிய குறிப்புதான். தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாமல் வெளியே போகும்படி விளக்குகளை நிறுத்த வேண்டும் என்கிறார் இளங்கோ. இன்று ஒளியமைப்புச் செய்கிறவரும் அரங்குக்குள் நுழைந்ததும் எந்த விளக்கின் நிழல் எங்கே விழுகிறது என்றுதான் முதலில் பார்க்கிறார்.

திரைகளும் அங்கே மூன்று வகை. ஒரு பக்கத்திலிருந்து இழுத்து மூடுவது ஒருமுக எழினி. இரு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் சேர்வது பொருமுக எழினி. மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. சென்னை சபா மேடைகளில் நடுவில் பிரிந்து விலகும் முன்திரையும் கயிற்றை விட்டால் சரசரவென்று இறங்கும் சீன் எனும் படுதாவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

திரைக்கு மேடைகூட வேண்டியதில்லை என்று காட்டுவது தெருக்கூத்து. இரண்டு பேர் ஒரு துணியை விரித்துப் பிடிக்கிறார்கள். வேடக்காரர் அதன் பின்னால் நின்று பாடுகிறார், சலங்கை ஒலிக்கிறது, கிரீடத்தின் நுனி மட்டும் தெரிகிறது. முகத்தைக் காண ஊரே காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களை உண்டாக்குவது ஒரு முழத்துணிதான்.

இன்று நாம் அதிகம் காணும் மேடையைப் படச்சட்ட மேடை என்கிறோம். இது இத்தாலியிலிருந்து வந்த அமைப்பு. பார்மா நகரில் 1618-இல் கட்டிய ஃபார்னீஸ் அரங்கு, இவ்வகையில் மிகப் பழைய அரங்குகளில் ஒன்று. மேடைக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவே பெரிய சட்டம் ஒன்று நிற்கும். அதற்குள் தெரிவது மட்டுமே காட்சி. நம் ஊருக்கு இந்த மேடை ஆங்கிலேயர் கட்டிய அரங்குகள் வழியாகவும் ஊர் ஊராகச் சுற்றிய பார்சி நாடகக் கம்பெனிகள் வழியாகவும் வந்தது. தெரு சீன், காட்டு சீன், தர்பார் சீன் என்று தீட்டிய படுதாக்களைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு தமிழ்க் கம்பெனிகளும் புறப்பட்டன.

சட்டத்துக்கு வெளியே பார்வையாளர்கள் பக்கமாக நீண்டிருக்கும் விளிம்புக்கு ஏப்ரன் என்று பெயர். முன்திரை மூடிய பிறகும் நடிகர் நின்று பேசக்கூடிய இடம் அது. மின்சாரம் வராத நாளில் அதன் ஓரத்தில் விளக்குகளை வரிசையாக வைப்பார்கள். சட்டத்தின் இரு பக்கமும் அடுக்கடுக்காக நிற்கும் தட்டிகளும் துணிகளும் சைடு விங். ஓரத்து நாற்காலியில் இருப்பவருக்கு உள்ளே நிற்கும் ஆள் தெரியாமல் அவை மறைக்கும். நடிகர் அவற்றின் இடுக்கில் நின்று தம் முறைக்காகக் காத்திருப்பார். மேலே குறுக்காகத் தொங்கும் ஃப்ரில், விளக்குகளையும் கம்பிகளையும் மறைக்கிறது. எல்லாவற்றுக்கும் பின்னால் வானமாக விரியும் வெள்ளைத் துணி சைக்கிளோரமா.

இந்த விங்குகளைக் கொண்டு எவ்வளவு செய்ய முடியும் என்று பார்க்க சுவீடனின் ட்ராட்னிங்ஹோம் அரங்குக்குப் போக வேண்டும். 1766-இல் அரண்மனை வளாகத்தில் கட்டியது. நாடகப் பித்தரான அரசர் மூன்றாம் குஸ்தாவ் 1792-இல் கொலையுண்ட பிறகு அரங்கு மெல்லக் கைவிடப்பட்டுச் சாமான் போடும் இடமாயிற்று. 1921-இல் ஆக்னே பெய்யர் என்ற ஆய்வாளர் உள்ளே நுழைந்தபோது பழைய மர இயந்திரங்கள் அப்படியே இருந்தன. மேடைப் பலகையில் நீளமான பிளவுகள். ஒவ்வொரு விங்கும் அந்தப் பிளவு வழியாகக் கீழே இறங்கி, நிலவறையில் உருளும் சட்டம் ஒன்றில் பொருந்தியிருக்கிறது. அத்தனை சட்டங்களின் கயிறுகளும் ஒரு பெரிய உருளையில் சேர்கின்றன. கீழே ஆட்கள் அதைச் சுற்றினால் ஒரு தோட்டத்தின் விங்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே போக, ஒரு மாளிகையின் விங்குகள் வெளியே வருகின்றன. சில விநாடிகள்தான். திரையை மூடுவதுகூட இல்லை. கடல் வேண்டுமானால், திருகு வடிவில் செதுக்கிய மர உருளைகளைப் படுக்கவைத்துச் சுற்றுகிறார்கள், அலை புரள்கிறது. கற்கள் நிறைந்த பெட்டியை மேலே ஆட்டினால் இடி. இன்றும் கோடை தோறும் அங்கே இசை நாடகங்கள் நடக்கின்றன.

தலைக்கு மேலே உள்ள இடம் இன்னொரு உலகம். படுதாக்களும் விளக்குகளும் பேட்டன் எனும் குறுக்குக் குழாய்களில் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் மறுமுனையில் சம எடையுள்ள இரும்புக் கட்டிகள் இருப்பதால், கனமான சீனையும் ஒரே ஆள் கிணற்று ராட்டினத்தில் வாளி இழுப்பதுபோல் இழுத்துவிடுவார். முழுப் படுதாவும் சுருட்டாமல் மேலே போய் மறைய வேண்டுமென்றால், அங்குள்ள உயரம் படச்சட்டத்தைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு இருக்க வேண்டும். பெரிய அரங்குகளின் கூரையில் பின்பக்கம் மட்டும் பெட்டிபோல் உயர்ந்து நிற்பது இதனால்தான்.

துணியும் கயிறும் சூடான விளக்குகளும் ஒரே இடத்தில் இருப்பதால் தீ பிடித்தால் அங்கேதான் வேகமாகப் பரவும். அதற்காகவே சட்டத்துக்குள் எரியாத தடுப்புத் திரை ஒன்று வைக்கிறார்கள். 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இராக்குவா அரங்கில் விளக்கிலிருந்து படுதாவில் தீ பற்றியது. தடுப்புத் திரை பாதியில் சிக்கி நின்றுவிட்டது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். வெளியேறும் கதவுகளைப் பற்றிய விதிகள் பல ஊர்களில் கடுமையானது அதற்குப் பிறகே.

நம் ஊரில் புதிதாகக் கட்டும் பள்ளி, கல்லூரி அரங்குகள் பலவற்றில் நாற்காலிக்கும் குளிர்சாதனத்துக்கும் செலவு செய்கிறார்கள். மேடை மட்டும் சுவரிலிருந்து சுவர்வரை ஒரு சிமெண்டுத் திண்ணையாக நின்றுவிடுகிறது. பேச்சுக்கும் பரிசளிப்புக்கும் அது போதும். நாடகம் போட வரும் பிள்ளைகளுக்கு நிற்க இடமில்லை, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வழியில்லை, படுதா கட்ட ஒரு கொக்கி இல்லை. அரங்கு கட்டும் குழுவில் நீங்கள் இருந்தால் கட்டட வரைபடத்தில் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: மேடையின் இரு பக்கமும் மேடை அகலத்தில் பாதியளவு இடம், பின்திரைக்குப் பின்னால் ஓர் ஆள் நடக்கும் வழி, மேலே எடை தாங்கும் குழாய்கள். சுவர் எழுந்த பிறகு இவற்றைச் சேர்க்க முடியாது.