சேற்றில் அடகு வைத்த பசளை

வெலிமடை, கெப்பெட்டிபொல, ஊவா பரணகம பக்கத்துச் சரிவுகளில் உருளைக்கிழங்குக்கும் கோவாவுக்கும் இடுகிற பசளையிலுள்ள பொசுபரசின் பெரும்பகுதி அந்தப் போகத்தில் பயிருக்குப் போய்ச் சேர்வதில்லை. அமிலத்தன்மை கொண்ட சிவந்த மண்ணின் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. அப்படிப் பிடிபட்ட பொசுபரசு நீரில் எளிதில் கரையாது. ஆனால் பெருமழையில் மண்ணே கரைந்து போகிறபோது இதுவும் கூடவே போகிறது. உமா ஓயா அதைச் சுமந்து சென்று, மகாவலியோடு சேரும் இடத்தில் 1990 இல் கட்டி முடித்த ரந்தம்பே நீர்த்தேக்கத்தில் இறக்குகிறது. 2024 ஏப்ரலில், அந்த ஆற்று நீரை வெல்லவாயப் பக்கம் திருப்பும் உமா ஓயா திட்டம் திறக்கப்பட்டது. அதன்பின் புகுல்பொல, டயரபா அணைகளும் வழியிலேயே ஒரு பங்கைத் தடுத்து வைத்துக்கொள்கின்றன. ரந்தம்பே தூர்ந்துவருவது பொறியியலாளர்களுக்குப் பழைய கவலை. அவர்கள் கணக்குப் பார்ப்பது எவ்வளவு கொள்ளளவு போயிற்று என்பதை. அந்தச் சேறு உயிரோடிருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

சேற்றில் வாழும் பற்றீரியாக்களில் சிலவற்றுக்கு வினோதமான ஒரு பழக்கம் உண்டு. ஒட்சிசன் கிடைக்கும்போது தேவைக்கு மிஞ்சிய பொசுபேற்றை உள்ளிழுத்து, நீண்ட சங்கிலிகளாகக் கோத்து, மணிமணியாகச் சேர்த்து வைக்கின்றன. ஒட்சிசன் தீர்ந்ததும் சங்கிலியை அறுக்கின்றன. அதில் பிறக்கும் சக்தியால் சுற்றியுள்ள கொழுப்பமிலங்களை உணவாக உள்ளெடுக்கின்றன. அறுபட்ட பொசுபேற்று நீருக்குத் திரும்புகிறது. இதன் முதல் தடயத்தைப் பதிவு செய்தவர்கள் தென்னிந்தியாவில் இருந்தவர்கள்தான் என்பது பலருக்குத் தெரியாது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஸ்ரீநாத், சாஸ்திரி, பிள்ளை ஆகிய மூவரும், நன்கு காற்றூட்டிய கழிவுநீர்ச் சேறு பொசுபரசை அளவுக்கு மீறி உறிஞ்சுவதை 1959 இல் எழுதினார்கள். 1965 இல் அமெரிக்காவில் லெவினும் ஷப்பிரோவும், இதைச் செய்வது சேற்றிலுள்ள உயிர்கள்தான் என்றும், காற்றில்லாதபோது அவை அதைத் திருப்பி விடுகின்றன என்றும் காட்டினார்கள். சாதாரண பற்றீரியாவின் உலர் எடையில் 1 முதல் 2 சதவீதம் பொசுபரசு இருக்கும். பொசுபேற்றைச் சேர்த்து வைக்கும் பற்றீரியா நிறைந்த சேற்றில் அது 5 முதல் 7 சதவீதம் வரை போகும். இன்று உலகின் பல கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இந்தப் பழக்கத்தை நம்பித்தான் இயங்குகின்றன.

இதைக் கேட்டதும் யாருக்கும் தோன்றக்கூடிய கேள்வி: அப்படியானால் இந்தப் பற்றீரியாவையே நீர்த்தேக்கத்தில் வளரவிட்டால் என்ன? சுத்திகரிப்பு நிலையத்தில் இது பலிப்பதற்குக் காரணம், பொசுபரசு நிறைந்த சேற்றை ஒவ்வொரு நாளும் வெளியே எடுத்துவிடுகிறார்கள் என்பது. நீர்த்தேக்கத்தின் அடியில் அப்படி எடுப்பவர் யாரும் இல்லை. அங்கே பற்றீரியா வாங்கி வைப்பது அடகு நகை மாதிரி. ஒருநாள் மீண்டு வெளியே வந்தே தீரும். வருகிற நாளும் மோசமான நாளாகத்தான் இருக்கும். மழை குறைந்து, ஓட்டம் தளர்ந்து, மேல்நீர் சூடேறி அடிநீரோடு கலக்காமல் நிற்கும்போதுதான் அடியில் ஒட்சிசன் தீர்கிறது. பாசிக்கு வேண்டிய வெயிலும் அசையாத நீரும் அமைவது அதே நாட்களில். ஒரு கிலோ பொசுபரசு ஏறத்தாழ 500 கிலோ ஈரப்பாசிக்குப் போதும் என்பது ஏரி ஆய்வாளர்களிடையே வழங்கும் கணக்கு. 1985 இல் நிரம்பிய கொத்மலை நீர்த்தேக்கம் 1991 இலேயே நீலப்பச்சைப் பாசியால் மூடிப்போனதை மலையகம் பார்த்திருக்கிறது. அந்த வகைப் பாசி சுரக்கும் நஞ்சு ஈரலைத் தாக்கும். குடிநீரில் அது லீற்றருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பொசுபேற்றைப் பிடித்துவைக்க இரும்பு இருக்கிறதே, நம் மண்ணில் அதற்கா பஞ்சம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒட்சிசன் உள்ளவரைதான் இரும்பு பொசுபேற்றைப் பிடித்து நிற்கும், அது போனதும் இரும்பே கரைந்து கையை விட்டுவிடும் என்பதை இங்கிலாந்து ஏரிகளில் மோர்ட்டிமர் 1941 இலேயே விளக்கிவிட்டார். பிறகு 1988 இல் சுவிட்சர்லாந்தில் கேக்டர் குழுவினர், உயிர்களைக் கொன்ற சேறு முன்போலப் பொசுபேற்றை உறிஞ்சாததைக் கண்டு, பற்றீரியாவுக்கும் இதில் பங்குண்டு என்றார்கள். இரும்பின் பங்கு பெரிதா, பற்றீரியாவின் பங்கு பெரிதா என்ற வாதம் ஏரிக்கு ஏரி மாறும். ஊவாவுக்கு அந்த விடை அவ்வளவு அவசரமில்லை. இரண்டும் பிடியை விடுவது ஒரே நிலையில்தான். உமா ஓயா அணைகள் சிறியவை, நீர் அங்கே அதிகம் தங்காது என்ற சமாதானமும் பாதி உண்மையே. நீர் தங்காவிட்டாலும் சேறு தங்குகிறது.

பசளையை நிறுத்திவிட்டால் தீர்ந்தது என்பவர்களுக்கு 2021 ஐ நினைவூட்டலாம். மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது, நவம்பரில் நீங்கியது. விவசாயி நொந்துபோனதுதான் மிச்சம். பல பத்தாண்டுகளாக மண்ணில் சேர்ந்த பொசுபரசு ஆறு மாதத்தில் குறைகிற சரக்கல்ல. அதற்கு மாற்றாகச் சொல்லப்பட்ட சேதனப் பசளையும் இந்த விடயத்தில் குற்றமற்றதல்ல. நைதரசன் தேவைக்குக் கணக்கிட்டுக் கோழி எருவை இட்டால், பயிர் கேட்பதைவிட அதிகப் பொசுபரசு நிலத்தில் விழும். தேயிலைத் தோட்டங்களையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. எப்பாவலை பாறைப் பொசுபேற்றை அவர்களும் இடுகிறார்கள். ஆனால் அடர்ந்து தழைத்த தேயிலை மண்ணைக் காக்கும்; வெற்றிடம் விழுந்த பழைய தேயிலை மலைதான் மழைக்கு அறுந்து போகும். லயங்களின் மலசலகூடக் கழிவு ஓடையில் சேருமிடங்களில் அதுவும் பொசுபரசுதான். அதைத் தொழிலாளியின் பழக்கம் என்று பேசுவது அநீதி. குழி கட்டிக்கொடுக்க வேண்டியவர் வேறு.

ஆகவே நீர்த்தேக்கத்தின் பாதுகாப்பு நீர்த்தேக்கத்தில் இல்லை, மேலே மலையில் இருக்கிறது. மண் பரிசோதனையில் பொசுபரசு போதுமென்று வந்த நிலத்துக்கு அந்தப் போகம் அதை விட்டுவிடலாம். விவசாயிக்குக் காசும் மிச்சம். தோட்டங்களில் கான் வெட்டும் வேலைக்கு ஆளைக் குறைப்பதை நிறுத்த வேண்டும். வண்டல் குழி, கல்லணை, ஓடையோரப் புல்வரிசை எல்லாம் தெரிந்த வைத்தியங்களே. மண் பாதுகாப்புச் சட்டம் 1951 இலிருந்தே இருக்கிறது. இல்லாதது பணம். அரை ஏக்கர் மரக்கறி செய்பவர் தன் செலவில் கல்லணை கட்டி, மினிப்பே வயலையும் நாட்டின் மின்சாரத்தையும் காக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ரந்தம்பேயில் பிறக்கும் ஒவ்வொரு அலகு மின்சாரத்தின் விலையிலும், உமா ஓயாவிலிருந்து வெல்லவாயப் பக்கம் போகும் நீரிலும் ஒரு சிறு பங்கு அந்தக் கல்லணைக்குத் திரும்பி வரலாம்.