கோழி எப்போது அடைக்கு உட்காரும்?

நாமக்கல் பண்ணைகளில் வளரும் வெள்ளை லெகார்ன் வழிக் கோழி ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். ஆனால் அடைக்கு உட்காராது. புறக்கடையில் மேயும் நாட்டுக்கோழி 60, 70 முட்டையோடு நின்றுவிடும். ஆனால் தானே அடைகாத்துக் குஞ்சு பொரித்து வளர்த்தும் கொடுக்கும். இந்த இரண்டு குணங்களையும் பெரும்பாலும் ஆட்டிவைப்பது புரோலாக்டின் என்ற ஹார்மோன்.

மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் இது ஊறுகிறது. பாலூட்டிகளுக்குப் பால் சுரக்கவைப்பதும் இதுவே. கோழியின் ரத்தத்தில் இதன் அளவு ஏறியதும் சூலகம் சுருங்கி முட்டை நின்றுபோகும். தீனி குறையும். அடிவயிற்று இறகுகள் உதிர்ந்து, அங்கே தோலில் ரத்தக்குழாய்கள் பெருகும். உடல்சூடு நேராக முட்டைக்குப் போய்ச் சேர்வதற்கான ஏற்பாடு இது. அடையில் இருக்கும் கோழி முட்டையிடாது என்பதால், வணிகப் பண்ணைக்கான இனங்களை உருவாக்கியவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் குணத்தைக் கழித்துக்கொண்டே வந்தார்கள். அப்படி வந்த கோழியை எத்தனை நாள் கூடையில் அடைத்து வைத்தாலும் பயன் குறைவு. குஞ்சு வேண்டுமென்றால் சிறுவிடை, அசில் போன்ற நாட்டு இனங்களே நம்பிக்கையானவை.

நாட்டுக்கோழியையும் கட்டாயப்படுத்த முடியாது. அதற்கான சூழலைத்தான் அமைத்துக் கொடுக்கலாம். முட்டைகள் அடிவயிற்றில் படும் உணர்வு நரம்பு வழியாக மூளைக்குப் போய்ப் புரோலாக்டினைத் தூண்டுகிறது. இட்ட முட்டையை அன்றன்றே எடுத்துவிட்டால் அந்தத் தூண்டல் கிடைக்காது. ஆகவே, சில முட்டைகளையோ மரத்தில் செய்த போலி முட்டைகளையோ கூட்டிலேயே விட்டுவையுங்கள். இருட்டான, ஆள் நடமாட்டமில்லாத மூலையும், மணல் பரப்பி வைக்கோல் போட்ட அகலமான கூடையும் போதும்.

இதே கணக்கைத் தலைகீழாக்கினால் அடை தெளியும். அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கி எடுக்கும் கிராமத்து வழக்கம் அடிவயிற்றுச் சூட்டைத் தணிக்கிறது. கூட்டிலிருந்து விலக்கி, காற்றோட்டமான இடத்தில் சில நாள் அடைத்துவைத்தாலும் அதே பலன் கிடைக்கும். கோழிக்கும் துன்பம் குறைவு.

இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கையை நீட்டினால் கொத்த வந்து, இரவிலும் கூட்டைவிட்டு இறங்காத கோழிதான் அடைக்குத் தயாரான கோழி. போலி முட்டைகளின்மேல் இரண்டு நாள் அசையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருட்டியபின் நல்ல முட்டைகளை மொத்தமாக மாற்றி வையுங்கள். நாளுக்கொன்றாகச் சேர்த்தால் குஞ்சுகளும் வெவ்வேறு நாளில் பொரியும். முதல் குஞ்சுகளோடு தாய் இறங்கிவிட, மற்ற முட்டைகள் வீணாகும். சிறிய கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் வேண்டாம். ஓரத்து முட்டைக்குச் சூடு எட்டாது.

சேவலோடு திரிந்த கோழியின் முட்டையாக, இட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகாததாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கருவின் வளர்ச்சி உறங்கிக் கிடக்கும். கத்திரி வெயில் காலத்தில் அறைச்சூடே 30 டிகிரியைத் தாண்டுகிறது. அப்போது கரு அரைகுறையாக வளரத் தொடங்கி மடிந்துபோகும். கோடையில் கூமுட்டை பெருகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஈரமணல் போட்ட மண்பானைமேல் கிண்ணத்தில் முட்டையை வைத்தால் சூடு ஓரளவு தணியும்.

இனி 21 நாள். முட்டையின் சூட்டை 37.5 டிகிரியை ஒட்டிக் காப்பதோடு, அலகால் அடிக்கடி புரட்டியும் விடுகிறது கோழி. புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். நாளுக்கு ஒருமுறை இறங்கித் தின்று, குடித்து, எச்சமிட்டுத் திரும்பும். அதைத் தடுக்கக் கூடாது. தீனியும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கட்டும். சாம்பலும் மண்ணும் கலந்த குழி ஒன்றிருந்தால் அதில் புரண்டு கோழிப்பேனை உதறிக்கொள்ளும். பேன் அரிப்பைத் தாங்காமல் பாதியில் எழுந்துவிடும் கோழிகள் உண்டு. ஏழாம் நாள் இரவில் செல்போன் டார்ச்சை முட்டையில் பிடித்தால், உயிருள்ளதில் சிவந்த ரத்தக்குழாய்கள் வலைபோலத் தெரியும். ஒன்றும் தெரியாததை எடுத்துவிடலாம்.

ஓட்டை உடைக்கும் முன்பே குஞ்சு உள்ளிருந்து கத்தும். தாயும் மறுகுரல் கொடுக்கும். மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டே குஞ்சு வெளிவருவதால், இரண்டு நாள் தீனியில்லாமல் தாங்கும். அதனால் அவசரப்பட்டு ஓட்டை உடைத்து உதவ வேண்டாம். கடைசிக் குஞ்சு வரும்வரை தாய் உட்கார்ந்திருக்கட்டும். முதல் வாரங்களில் குஞ்சுகளால் தம் உடல்சூட்டைத் தாமே காக்க முடியாது. தாயின் இறக்கைதான் போர்வை. பருந்து, காகத்திடமிருந்து காக்கப் பஞ்சாரக் கூடையைப் போட்டுக் கவிழ்க்கலாம். ஆனால் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தாயின் இறக்கை காவல் ஆகாது. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கால்நடை மருந்தகத்தில் அதற்கான சொட்டு மருந்து போட்டுவிட வேண்டும்.