'நாளைக்கே அன்-இன்ஸ்டால் பண்றேன்!' - பி.ஜி.எம்.ஐ-யைத் திட்டிக்கொண்டே விளையாடுவது ஏன்?

ராத்திரி 11.40 மணி. ஸ்குவாடில் நான்கு பேர். ஒருவர் சென்னையில், இருவர் பெங்களூரில், இன்னொருவர் மதுரையில். கடைசி வட்டம். எதிரில் இரண்டே எனிமி. மரத்துக்குப் பின்னால் ஓடி மறைந்த பிறகும் குண்டு பாய்ந்து ஒருவர் விழுகிறார்.

"டேய், நான் கவர்ல இருந்தேன்டா! என்ன கேம்டா இது?"

"அவன் ஹேக்கர் மச்சி. ரிப்போர்ட் அடி."

"எனக்கு பிங் 180 காட்டுது. எப்படி ஆடுறது?"

"போதும்ப்பா. நாளைக்கே அன்-இன்ஸ்டால் பண்றேன்."

பத்து விநாடி அமைதி. அப்புறம் ஒரு குரல்: "லாஸ்ட் மேட்ச் போடலாமா?" நாலு பேரும் 'ரெடி' கொடுத்துவிடுகிறார்கள்.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால், பி.ஜி.எம்.ஐ எனப்படும் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' ஆடும் யாருக்கும் இது புதிதல்ல. குறை சொல்லாத ப்ளேயர் கிடையாது. குறை சொல்லிவிட்டு ஆடாமல் இருப்பவர்களும் குறைவு. இந்த முரண்பாட்டுக்கு என்ன காரணம்?

இரண்டு முறை போய், திரும்பி வந்த கேம்

அயர்லாந்தைச் சேர்ந்த பிரெண்டன் கிரீன் வடிவமைத்த 'பப்ஜி', 2017-ல் கம்ப்யூட்டருக்காக வெளிவந்தது. தீவு ஒன்றில் 100 பேர் குதிப்பார்கள். கிடைக்கும் ஆயுதத்தைப் பொறுக்கி, சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் கடைசி வரை உயிரோடு இருப்பவருக்கு 'சிக்கன் டின்னர்'. 2018-ல் மொபைலுக்கு வந்ததும் இந்தியாவில் பட்டிதொட்டி எங்கும் பரவியது.

2020 செப்டம்பர் 2 அன்று, மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளின் பட்டியலில் பப்ஜி மொபைலும் இருந்தது. 2021 ஜூலையில் தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் இந்தியாவுக்கென்றே பி.ஜி.எம்.ஐ-யைக் கொண்டு வந்தது. பதிவு செய்தவர்களின் எண்ணிக்கை ஒரே ஆண்டில் 10 கோடியைத் தாண்டியதாக நிறுவனம் அறிவித்தது. அதே 2022 ஜூலையில், ஆப் ஸ்டோர்களிலிருந்து இதுவும் நீக்கப்பட்டது. சுமார் பத்து மாதம் கழித்து, 2023 மே மாதம் மீண்டும் அனுமதி கிடைத்தது. இரண்டு முறையும் கூட்டம் திரும்பி வந்தது. கூடவே பழைய குறைகளும் வந்தன.

'கவருக்குள் இருந்தும் எப்படி அடிபட்டேன்?'

ப்ளேயர்களின் முதல் புகார் இதுதான். உண்மையில் இங்கே பெரும்பாலும் யாரும் ஏமாற்றுவதில்லை.

ஒரு போனில் நடப்பது சர்வருக்குப் போய், அங்கிருந்து எதிராளியின் போனுக்குப் போக வேண்டும். சர்வருக்குப் போய்வர ஆகும் நேரம்தான் 'பிங்'. 150 மில்லி விநாடி என்றால் கேட்கச் சின்னதாகத்தான் தெரியும். ஆனால், விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடுகிறவர், அந்த நேரத்துக்குள் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நகர்ந்திருப்பார். ஓடியவரின் திரையில் அவர் மரத்துக்குப் பின்னால் வந்துவிட்டார். சுட்டவரின் திரையில் இன்னும் வெளியே நிற்கிறார்.

யார் பார்த்தது சரி? பல ஆன்லைன் ஷூட்டர் கேம்கள் சுட்டவர் பக்கமே தீர்ப்பு சொல்கின்றன. மாற்றிச் சொன்னால், "கரெக்டா தலையில அடிச்சேன், ஹிட் ஆகல" என்று அவர் கத்துவார். ஒருவருக்கு நியாயமாகப் படுவது இன்னொருவருக்கு அநியாயம். இணைய வேகம் ஆளுக்கு ஆள் மாறும் வரை, இந்தப் புகாரை முழுதாகத் தீர்க்க வழியில்லை.

'ஹேக்கர்களை ஏன் ஒழிக்க முடியவில்லை?'

தானாகவே தலையைக் குறிவைக்கும் 'எய்ம்பாட்', சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் காட்டும் 'வால்ஹேக்' - இரண்டும் கேமின் நிரந்தரத் தலைவலி. தொடர்ந்து அக்கவுண்ட்கள் தடை செய்யப்படுகின்றன. ஆனாலும் குறைந்தபாடில்லை. இதற்கும் தொழில்நுட்பக் காரணம் உண்டு.

எனிமியைத் திரையில் வரைய வேண்டுமானால், அவர் எங்கே இருக்கிறார் என்ற தகவல் முன்கூட்டியே போனுக்கு வந்தாக வேண்டும். வந்த தகவலை கேம் மறைத்து வைக்கிறது. வால்ஹேக் அதைத் திருடிக் காட்டுகிறது. கண்ணில் படும்போது மட்டும் தகவலை அனுப்பலாமே என்றால், நெட் மெதுவாக இருப்பவருக்கு எனிமி திடீரென்று காற்றிலிருந்து முளைத்ததுபோல் தெரிவார். ஹேக்கரைத் தடுக்கப்போய், நேர்மையாக ஆடுபவரின் லேக் கூடிவிடும்.

இன்னொன்று, இது இலவச கேம். ஒரு அக்கவுண்ட் போனால் இன்னொன்றைத் திறந்துகொள்வதில் பெரிய சிரமம் இல்லை. ஹேக் ஃபைல்களை வாங்கி இறக்குபவர்களுக்கும் ஒரு ஆபத்து உண்டு. வெளியிலிருந்து வரும் இத்தகைய ஏ.பி.கே ஃபைல்கள் போனில் உள்ள பாஸ்வேர்டு, ஓ.டி.பி வரை எடுத்துச் செல்லக்கூடும். சிக்கன் டின்னருக்கு ஆசைப்பட்டு பேங்க் அக்கவுண்டை இழக்க நேரிடலாம்.

'காசு இருந்தால்தான் ஜெயிக்க முடியுமா?'

கேமுக்குள் வாங்கும் 'ஸ்கின்'கள் குண்டின் பலத்தைக் கூட்டுவதில்லை. எம்416 துப்பாக்கிக்குப் பனிக்கட்டி நிறத்தில் ஒரு 'கிளேசியர்' ஸ்கின் போட்டாலும் அடி அதே அடிதான். ஆனால், போன் விஷயம் வேறு. விநாடிக்கு 90, 120 ஃபிரேம் வரை ஓடும் வசதி குறிப்பிட்ட மாடல்களில் மட்டுமே கிடைக்கிறது. ஐபேடின் திரை அகல - உயர விகிதம் வேறு என்பதால், அதில் ஆடுபவருக்குக் களம் இன்னும் கொஞ்சம் விரிந்து தெரியும். ப்ளேயர்கள் 'ஐபேட் வியூ' என்று புலம்புவது இதைத்தான். பழைய பட்ஜெட் போனோ, அரை மணி நேரத்தில் தோசைக்கல்லாகச் சூடாகி ஃபிரேம் குறைய ஆரம்பித்துவிடும்.

ஆக, புகார்களில் நியாயம் இருக்கிறது. பிறகு ஏன் விட முடியவில்லை?

தோற்றாலும் ஏன் 'ஒன் மோர்'?

முதல் காரணம், அடுத்து என்ன கிடைக்கும் என்று தெரியாதது. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் வெறும் பிஸ்டல் கிடைக்கலாம். 8எக்ஸ் ஸ்கோப்பும் கிடைக்கலாம். பரிசு எப்போது வரும் என்று தெரியாதபோதுதான் முயற்சி விடாமல் தொடரும் என்பதை அமெரிக்க உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர், விலங்குகளை வைத்து நடத்திய சோதனைகளில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டியிருக்கிறார். லாட்டரிக்கும் அதே சூத்திரம்தான்.

இரண்டாவது, 'ஜஸ்ட் மிஸ்'. 100 பேரில் 60-வது இடத்தில் தோற்றால் பெரிதாக வலிக்காது. இரண்டாவது இடத்தில் தோற்றால் தூக்கம் வராது. மயிரிழையில் தவறிய வெற்றி, மறுபடி ஆடும் ஆசையைத் தூண்டுவதைச் சூதாட்டம் குறித்த ஆய்வுகள் நீண்ட காலமாகச் சொல்லி வருகின்றன.

மூன்றாவது, ரேங்க். பிரான்ஸ், சில்வரில் தொடங்கி ஏஸ், கான்கரர் வரை ஏணி நீள்கிறது. சீசன் முடிந்ததும் எல்லாரும் சில படிகள் இறக்கிவிடப்படுகிறார்கள். சம்பாதித்ததைக் காப்பாற்றவே திரும்பத் திரும்ப ஏற வேண்டியிருக்கிறது. இடையே மனம் தளரும் புதியவர்களுக்கு, சுலபமாகச் சுடுபடும் 'பாட்'களும் லாபியில் காத்திருக்கும்.

இவற்றைவிட முக்கியமான நான்காவது காரணம் ஒன்று உண்டு. அது மேலே பார்த்த புகார்களுக்குள்ளேயே இருக்கிறது.

குறைதான் கொக்கி

வெற்றி கிடைத்தால் 'என் திறமை', தோற்றால் 'வெளிக் காரணம்' என்று நினைப்பது மனித இயல்பு. உளவியலில் இதை 'செல்ஃப் சர்விங் பயஸ்' என்கிறார்கள். செஸ்ஸில் தோற்றால் சாக்கு சொல்ல அதிகம் இடமில்லை. பி.ஜி.எம்.ஐ-யில் இடம் தாராளம். லேக், ஹேக்கர், வட்டம் தப்பாக விழுந்தது, டீம்மேட் ரிவைவ் பண்ணவில்லை... பட்டியல் நீளும்.

'நான் சுமாரான ப்ளேயர்' என்று ஒப்புக்கொள்பவர் போனை வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். 'நெட் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா அடிச்சிருப்பேன்' என்று நம்புபவருக்கு அடுத்த மேட்ச் தேவைப்படுகிறது. தோல்வி தன்னுடையது அல்ல என்பதால், அதைச் சரிசெய்துவிடலாம் என்றும் தோன்றுகிறது. கேமைத் திட்டுவது வெளியேறும் வழிபோலத் தெரிந்தாலும், பல நேரம் உள்ளே இழுக்கும் கயிறு அதுவே.

எல்லாமே போதை அல்ல

அதற்காக ஆடுபவர்கள் எல்லாரும் அடிமைகள் என்று முத்திரை குத்துவதும் தவறு. 2021 ஊரடங்கின்போது ஒன்று சேர்ந்த பல ஸ்குவாடுகள் இன்று வெவ்வேறு ஊர்களில் வேலை பார்க்கின்றன. டீக்கடையில் சந்திக்க முடியாத நண்பர்களுக்கு வாய்ஸ் சாட்தான் டீக்கடை. அவர்களில் ஒருவர் கேமை விடுவது என்றால், அந்தப் பேச்சையும் விடுவது. அதனால்தான் அன்-இன்ஸ்டால் பட்டனை அழுத்துவது, பார்ப்பவர்கள் நினைப்பதைவிடக் கஷ்டம்.

அப்படியானால் எல்லை எது? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் 'கேமிங் டிஸ்ஆர்டர்' சேர்க்கப்பட்டிருக்கிறது. எத்தனை மணி நேரம் ஆடுகிறார் என்பது அங்கே அளவுகோல் அல்ல. மூன்று அடையாளங்கள் பார்க்கப்படுகின்றன: ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற வேலைகளைவிட ஆட்டமே முக்கியமாகிவிடுவது, பாதிப்பு தெரிந்த பிறகும் தொடர்வது. பொதுவாக ஓராண்டு காலம் இது நீடித்து, படிப்பு, வேலை, குடும்பம் பாதிக்கப்பட்டால் அது மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம்.

பி.ஜி.எம்.ஐ 2023-ல் திரும்பியபோது, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தினமும் 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்ற வரம்போடு வந்தது. ஆனால் காலை 9 மணிக்கு லாகின் செய்ய வேண்டிய ஒருவருக்கு 6 மணி நேரம் என்பது வரம்பே அல்ல. அவர் தனக்கான கோட்டைத் தானே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சின்னச் சின்ன வழிகள்

'12 மணி வரை' என்று நேரம் குறிப்பதைவிட, 'மூன்று மேட்ச்' என்று எண்ணிக்கை குறிப்பது எளிது. 12 மணி அடிக்கும்போது மேட்ச் பாதியில் இருக்கும். டீமை விட்டுவிட்டு யாரும் வரமாட்டார்கள். அந்த எண்ணிக்கையை ஸ்குவாடே முதலில் பேசி முடிவு செய்துகொண்டால், முதலில் கிளம்புகிறவர் துரோகி ஆவதில்லை. யு.சி வாங்கக் கார்டு விவரத்தைச் சேமித்து வைக்காமல் இருந்தால், ஆத்திரத்தில் நடக்கும் செலவு குறையும். மேட்ச் முடிந்த பிறகு ஸ்குவாடோடு பத்து நிமிடம் சும்மா பேசிப் பார்க்கலாம். தேடியது கேமையா, நண்பர்களையா என்பது அப்போது தெரிந்துவிடும்.

அடுத்த முறை மரத்துக்குப் பின்னால் அடிபட்டு விழும்போது, "என்ன கேம்டா இது" என்று தாராளமாகத் திட்டலாம், தப்பில்லை. திட்டி முடித்த கையோடு விரல் 'ரெடி' பட்டனுக்குப் போகிறதா என்பதை மட்டும் ஒரு நொடி கவனித்தால் போதும்.