குறைமாதக் குழந்தையும் பிராணவாயுவும்

ஏழாம் மாதக் குழந்தை பிழைத்துக் கொள்ளும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. இது தவறு. கருவறையில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு இலாபமே.

37 வாரங்களுக்கு முன் பிறப்பவை குறைமாதக் குழந்தைகள். முதல் சோதனை நுரையீரலுக்குத்தான். காற்றறைகள் ஒட்டிக் கொள்ளாமல் காக்கும் சர்ஃபக்டண்ட் என்ற பொருள் சுமார் 34 வாரத்திற்குப் பிறகே போதிய அளவு சுரக்கிறது. அது குறைந்தால் ஒவ்வொரு மூச்சும் போராட்டமாகி விடும். 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து இரண்டே நாளில் இறந்தது இதனால்தான். அதிபரின் பிள்ளைக்கே அன்று மருந்தில்லை! இன்று அந்தப் பொருளையே மருந்தாக மூச்சுக்குழாய் வழியே செலுத்துகிறார்கள்.

பிராணவாயுவும் அளவோடு இருக்க வேண்டும். 1940, 50-களில் தாராளமாகக் கொடுத்ததால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்தன. முழுமையாக வளராத விழித்திரை இரத்தக் குழாய்களின் வளர்ச்சியை அது கெடுக்கிறது. பின்னர் தாறுமாறாக முளைக்கும் குழாய்கள் விழித்திரையையே பெயர்த்து விடக் கூடும். உரிய நேரத்தில் கண்டறிந்தால் லேசர் சிகிச்சை உண்டு. ஆகவே, வீடு திரும்பிய பிறகு கண் பரிசோதனைக்கு வரச் சொன்னால், 'பிள்ளை நன்றாகத்தானே பார்க்கிறான்' என்று பெற்றோர்கள் தள்ளிப் போடக் கூடாது. சில வாரத் தாமதம்கூட பார்வையைப் பறித்து விடலாம்.