உட்பகையும் பெண்ணுடம்பும்

உட்பகைக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். உடம்புக்குள்ளும் அப்படியொரு பகை உண்டு. கிருமியை எதிர்க்க வேண்டிய காவற்படை, சொந்த நரம்பையே அந்நியமென்று எண்ணித் தாக்குவது. இதில் ஆண், பெண் கணக்கு ஒன்றாக இல்லை. நாற்பது ஆண்டு தராசு பிடித்தவன் என்பதாலோ என்னவோ, தட்டு ஏன் சாய்கிறது என்று தேடிப் படிக்கத் தோன்றியது.

மின்கம்பிக்கு மேலுறை போல நரம்புக்கு மயலின் என்ற உறை உண்டு. அது அங்கங்கே அரிக்கப்படுவதே மல்ட்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு வருகிறது. ஆனால் ஆரம்பம் முதலே விடாமல் முற்றிக்கொண்டு போகும் வகையில் இருபாலாரும் ஏறக்குறையச் சமம். கில்லன்-பாரே ஆண்களைச் சற்று அதிகம் பிடிக்கும். மயஸ்தீனியா கிராவிஸோ வயது பார்த்து ஆளை மாற்றும்: 40-க்குள் பெண்கள், 60-க்கு மேல் ஆண்கள்.

காரணம்? ஹார்மோன் ஒன்று. 1998-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு, மல்ட்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் உள்ள 254 பெண்களைக் கர்ப்ப காலத்தில் கவனித்தது. கடைசி மூன்று மாதத்தில் நோயின் தாக்குதல் வெகுவாகக் குறைந்தது. பிரசவமான முதல் மூன்று மாதத்தில் கூடியது. வயிற்றுப் பிள்ளை பாதி தந்தையின் அம்சம் அல்லவா? அதைத் தள்ளிவிடாதிருக்கத் தாயின் காவற்படை தணிந்து நிற்கிறது என்பது விளக்கம். இந்நோய் உள்ளவள் பிள்ளை பெறக்கூடாது என்று முன்பு சொல்லிவந்தார்கள். இன்று நரம்பு மருத்துவர்கள் அப்படித் தடுப்பதில்லை. சில மருந்துகள் கருவுக்கு ஆகாது, அதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று குரோமோசோம். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றை அடக்கிவைப்பது எக்சிஸ்ட் என்ற ஆர்.என்.ஏ. அதனோடு ஒட்டிய புரதங்களே எதிர்ப்பைத் தூண்டலாமென 2024-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். அது லூபஸ் நோயை வைத்துச் செய்த சோதனை. நரம்புக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது.

எங்கள் உறவில் ஒரு பெண், 28 வயது. "ஒரு கண் மங்குது, அசைச்சா வலிக்குது"ன்னாள். "தூக்கம் பத்தலே, வேறொண்ணுமில்லே"ன்னு வீட்டிலும் டாக்டரிடத்திலும் ஒரே பதில். எட்டு மாதம் கழித்துக் கால் மரத்த பிறகுதான் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். என் வயது ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: சாயங்காலமானா இமை தொங்குது, எல்லாம் ரெண்டாத் தெரியுது, மெல்லும்போது தாடை சோருது என்றால் "வயசாச்சு" என்று விடாமல் நரம்பு மருத்துவரைப் பாருங்கள். மூச்சோ விழுங்குவதோ சிரமமானால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.