கடற்சேறும் கோடைவிடுமுறையும்

நம் கலாசாலைச் சோதனைச்சாலையில் செய்யும் சோதனைகளுக்கெல்லாம் விடை முன்னரே தெரிந்ததாகும். கொடுக்கப்படும் உப்பு இன்னதென்பதை ஆசிரியர் அறிவார். சிறிது முயன்றால் மேல் வகுப்பினரின் குறிப்பேட்டினின்று நாமும் அறிந்துவிடலாம். இப்பயிற்சி வேண்டாமென்பது நம் கருத்தன்று. ஆயினும், எவர்க்கும் விடை தெரியாத வினாவொன்றைக் கைக்கொண்டு சில வாரங்களேனும் உழைத்தாலன்றி ஆராய்ச்சி யாதென்பது விளங்காது. அவ்வாய்ப்பை இளமாணாக்கர்க்கு அளித்தற்பொருட்டே பூமி சாஸ்திர ஆராய்ச்சிச் சாலைகள் பல, கோடைவிடுமுறையில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளுகின்றன. அங்கு நிகழ்வதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம்.

அமெரிக்காவில் நியூயார்க் நகருக்கு வடக்கே, ஹட்சன் நதியின் மேல்கரைக் குன்றின்மீது, கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த லாமாண்ட் ஆராய்ச்சி நிலையம் 1949-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவராகிய மாரிஸ் யூயிங் என்பார், தம் கப்பல் எக்கடலிற் சென்றாலும் நாள்தோறும் ஓரிடத்தில் நின்று, நீண்ட குழாயைக் கடலடியிற் செலுத்திச் சேறு எடுத்துவரல் வேண்டுமென்று விதித்திருந்தார். அங்ஙனம் சேர்ந்த சேற்றுத் தண்டுகள் ஆயிரக்கணக்கில் அங்கு அடுக்கப்பட்டுள்ளன. தண்டின் மேற்பகுதி அண்மைக் காலத்தது. அடிப்பகுதி மிகப் பழையது.

இத்தண்டொன்றின் ஒரு பகுதி கோடை மாணாக்கர் ஒருவரிடம் ஒப்புவிக்கப்படுகிறதென்று கொள்வோம். அவர் இடைவிட்டு இடைவிட்டுச் சிறிது சேறெடுத்து, மில்லிமீட்டரில் பதினாறிலொரு பங்கே கண்ணுள்ள சல்லடையிலிட்டுக் கழுவுவார். களிமண் நீங்க, மணல்போன்ற சுண்ணாம்புக் கூடுகள் எஞ்சும். இவை போராமினிபெரா என்னும் நுண்ணுயிர்கள் விட்டுச்சென்றவை. இவற்றுள் வேண்டிய இனத்தை மட்டும், உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கி, ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கவேண்டும். வாரக்கணக்கில் இதுவே வேலை. அரிசியிற் கல் பொறுக்கிப் பழகிய நம் தாய்மார்க்கு இஃது எளிதிற் கைவரும். மாணாக்கர்க்குக் கழுத்துவலியே முதற் பயன். ஓரினத்தோடு மற்றோரினம் கலப்பின் முடிவு பிழைபடும். பிழையென்று காட்டும் விடைப்புத்தகமோ எங்குமில்லை.

இவ்வளவு பாடு எதற்கு? அக்கூடுகளிலுள்ள பிராணவாயு, எடை 16, எடை 18 என இருவகைப்படும். கடல்நீர் ஆவியாகுங்கால் இலேசானது மிகுதியாகச் செல்லும். பனியூழியில் அது நிலத்தின்மேல் உறைந்து நின்றுவிடுதலால், கடலில் கனமானதன் விகிதம் கூடும். கூடுகளும் அவ்விகிதத்தையே காட்டும். ஆதலின் கூட்டை அளந்தால் அக்காலத்துப் பனியின் அளவை உய்த்துணரலாம். தென்னிந்து சமுத்திரத்தினின்று எடுத்த இரு தண்டுகளை இவ்வாறு ஆராய்ந்தே, ஹேஸ், இம்ப்ரி, ஷேக்கில்டன் என்னும் மூவர், பனியூழிகள் பூமியின் அச்சும் பாதையும் மாறும் கால அளவுகளோடு ஒத்து வருதலை 1976-இல் வெளியிட்டனர். அவ்வளவுகள் ஏறக்குறைய 23,000, 41,000, 1,00,000 ஆண்டுகளாம். அவ்விரண்டனுள் ஒன்று, லாமாண்ட் நிலையத்தாரின் ராபர்ட் கான்ராட் என்னும் கப்பல் நாள்தோறும் எடுத்து வைத்தவற்றுள் கிடைத்ததே.

இனிப் பொருளைப் பற்றி ஒரு சொல். விடுமுறையில் வீட்டுக்கு உழைத்துக் கொடுக்கவேண்டிய மாணாக்கர் நம்மிடையே பலர். உதவித்தொகை இல்லாத பயிற்சி, அறிவைப் பார்த்தன்று, தந்தையின் பையைப் பார்த்தே ஆளைத் தெரிந்தெடுக்கும். அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய விஞ்ஞான நிறுவனம் 1987-இல் தொடங்கிய திட்டத்தில் மாணாக்கர்க்கு உதவித்தொகை அளிக்கப்பட்டது. நம் நாட்டிலும் பெங்களூர், டில்லி, அலகாபாத் நகரங்களிலுள்ள மூன்று விஞ்ஞானக் கழகங்கள் ஒன்றுகூடி, உதவித்தொகையுடன் இரண்டு மாதக் கோடை ஆராய்ச்சிக்கு இடமளித்து வந்துள்ளன. ஐதராபாத்துப் பூபௌதிக ஆராய்ச்சி நிலையம், கோவாவின் சமுத்திர ஆராய்ச்சி நிலையம் முதலியவற்றில் சேறும் பாறையும் குறைவில்லை. அக்கழகங்கள் மாணாக்கரையன்றிக் கலாசாலை ஆசிரியரையும் இத்திட்டத்தில் ஏற்று வந்துள்ளன என்பதை நம் ஆசிரியர்கட்கும் பணிவுடன் தெரிவித்துக்கொள்ளுகின்றோம்.